விற்கிற வீட்டில் ஓர் ஆணி

செல்வப்பிரியாவுக்கு எதையும் கேட்காமல் விட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சேலைக்கு ஓரம் அடிக்க என்ன வாங்கினார்கள் என்று தொடங்குவாள். இறங்குவதற்குள் அவள் நாத்தனார் ஏன் பேசுவதில்லை என்பது வரைக்கும் போய்விடுவாள். தையல் தொழில் இந்தக் குணத்துக்கு ரொம்பத் தோது. இஞ்சு டேப் இடுப்பைச் சுற்றியிருக்கும்போது எந்தப் பெண்ணும் எழுந்து ஓட முடியாது. பொய்யும் அவ்வளவு சுலபமாக வராது.

அப்படிப்பட்டவளுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று தை மாதம் வந்து சேர்ந்தது. எருத்தேம்பதியில் இருந்த அவர்களுடைய வீடு ஏன் விலை போகவில்லை?

பதினான்கு வருஷமாக அந்த வீட்டு ஹாலில்தான் மிஷினைப் போட்டுத் தைக்கிறாள். சோறு பரிமாறுகிற இடத்தில்தான் துணி வெட்டியாக வேண்டும். விருந்தாளி வந்தால் மிஷினை ஓரங்கட்ட வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் சரஸ்வதியம்மாளின் வீடு விலைக்கு வந்தபோது அவள் தூக்கம் போயிற்று. சின்ன வீடுதான். ஆனால் ரோட்டைப் பார்த்து ஷட்டர் போட்ட ஓர் அறை இருந்தது. அந்த ஷட்டருக்கு மேலே போர்டு மாட்டினால் எந்த எழுத்தில் எழுதுவது என்பது வரை மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

"சித்திரை விஷு வரைக்கும் உனக்காகப் பொறுத்துக்கறேன் அம்மிணி. அதுக்கு மேல ஆகாது. போன் கடைக்காரன் தெனமும் வந்து நிக்கறான்" என்று சரஸ்வதியம்மாள் சொல்லியிருந்தாள்.

இருக்கிற வீட்டை விற்றால்தான் அந்த வீட்டை வாங்க முடியும். தையிலிருந்து ஆறு குடும்பம் வந்து பார்த்தது. காபி குடித்தார்கள், "பாத்துட்டுச் சொல்றமுங்க" என்றார்கள், போனவர்கள் போனவர்கள்தான். வீடு புரோக்கர் ராக்கப்பன் தலையைச் சொறிந்தார்.

"ஊட்டுல கொஞ்சம் வேல செஞ்சு போடுங்க. சட்டுனு போயிருமுங்க."

"என்ன வேலைங்க செய்யறது?"

"அது நீங்கதாங்க பாத்துக்கோணும்."

கையில் இருந்தது சீட்டெடுத்த பணம். ஒரு வேலை செய்யலாம். இழுத்துப் பிடித்தால் ஒன்றரை வேலை. அந்த ஒரு வேலை எது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. அவள் புருஷன் நவீன்குமாருக்குச் சந்தேகமே இல்லை. பால் சொசைட்டி வேன் ஓட்டுகிற அவன், வேன் நிற்கிற நேரமெல்லாம் போனில் வீடு விற்கிற வீடியோக்களைப் பார்த்துத் தேறியிருந்தான். பாத்ரூம் பளபளவென்று இருந்தால் வீடு பறந்துவிடும் என்பது அவன் கட்சி. அதற்கு அடுத்தபடி ஹால் சுவர். அவள் நூல்கண்டு மாட்டவும் தைத்த ஜாக்கெட்டைத் தொங்கவிடவும் அளவுக் காகிதங்களைக் கோக்கவும் அடித்த ஆணிகளால் அந்தச் சுவரில் கைவைத்த இடமெல்லாம் ஓட்டை. "அம்மை வந்த செவுரு மாதிரி இருக்குது" என்பான். அதைப் பட்டி வைத்து மூடி, பெயின்ட் அடிக்க வேண்டும் என்பான்.

செல்வப்பிரியா வீடியோ பார்க்கவில்லை. டேப்பைக் கையில் எடுத்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களில் சொந்தமாக வீடு வாங்கியவர்கள் யார் யாரென்று பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"நீங்க ஊடு வாங்கறப்ப மொதல்ல எதைங்க பாத்தீங்க?"

ஒரு நர்ஸம்மா பக்கத்து வீட்டில் நாய் இருக்கிறதா என்று பார்த்தாளாம். ஒரு டீச்சர் படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டு டிவி கேட்கிறதா என்று காது கொடுத்து நின்றாளாம். கேட்கக் கேட்கச் செல்வப்பிரியாவுக்கு ருசி கூடிற்று. கழுத்தளவு ஒரு முறை எடுத்தால் போதும்; அவள் மூன்று முறை எடுத்தாள். அந்த வாரம் தைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது.

காளியாத்தாளிடம் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. பக்கத்து ஊரில் நாலு வருஷத்துக்கு முன்னால் வீடு வாங்கியவள். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப்போன இடத்தில், அதைப் போட்டுப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆம்பளைங்க எல்லாம் வாசல் எந்தத் திசைன்னு பாத்துட்டு வெளிய நின்னாங்க. நான் நேரா பாத்ரூமுக்குப் போயிப் பக்கெட்டத் தூக்கிப் பாத்தேன்."

"பக்கெட்டையா?"

"பின்ன? பக்கெட்டுல வெள்ளவெள்ளையா உப்புக் கட்டியிருந்தா, அந்த ஊட்டுல பருப்பும் வேகாது, தலமுடியும் தங்காது. கேட்டாச் சொல்லுவாங்களா? நாமளே பாத்துக்கோணும். பாத்ரூம் எங்கீங்கன்னு கேட்டா யாரு என்ன நெனைக்கப் போறாங்க?"

செல்வப்பிரியா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் வீட்டைப் பார்க்க வந்த ஆறு குடும்பத்திலும் பெண்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து வருகிறார்கள், பாவம், அவசரமாக்கும் என்று அவள் இரக்கப்பட்டிருந்தாள். ஒருத்திக்குத் துண்டு வேறு எடுத்துக்கொடுத்தாள். அவர்கள் உள்ளே போய் அவளுடைய பக்கெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள்! வெட்கமாகவும் இருந்தது, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வட்டாரத்துப் போர்வெல் தண்ணீர் அத்தனையும் உப்பு. பக்கெட்டில் அது வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போகாமல் நிற்கும். கூடவே வாழ்ந்தவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே தூசி பறந்தது. கொத்தனார் பவுல்ராஜ் பாத்ரூமின் பழைய டைல்ஸைப் பாதிக்குமேல் பெயர்த்துப்போட்டிருந்தார். பால் வேனிலிருந்து புது டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நவீன்குமாரின் முகம் மலர்ந்திருந்தது.

"உனக்குச் சொல்லாமச் செய்யலாம்னுதான் இருந்தேன் பிரியா. பாரு, எப்படி இருக்குதுன்னு!"

பார்த்தாள். கன்னங்கரேல் என்று கறுப்பு டைல்ஸ். முகம் தெரிகிற கறுப்பு.

"ஏனுங்க, வேற நெறமே கெடைக்கலீங்களா?"

"கறுப்புத்தான் இப்ப எல்லாப் பக்கமும். அழுக்குத் தெரியாது."

அழுக்குத் தெரியவில்லை, உண்மைதான். உப்புத் தெரிந்தது. வேலை முடிந்து பத்து நாள் அந்தப் பாத்ரூம் ஜொலித்தது. நவீன்குமார் தேவையில்லாமல் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தான். பதினோராம் நாள் துளித்துளியாக வெள்ளைப் புள்ளி. இருபதாம் நாள் சுவர் முழுக்கக் கோலப்பொடி தூவின மாதிரி ஆயிற்று. பழைய வெளிர்நீல டைல்ஸில் பக்கெட்டைத் தூக்கினால்தான் தெரிந்த குறை, இப்போது வாசற்படியில் நின்றாலே தெரிந்தது. அவன் எலுமிச்சை தேய்த்தான், வினிகர் தேய்த்தான், எதையோ ஊற்றிக் கையை எரித்துக்கொண்டான். அடுத்து வந்த குடும்பத்தில் அந்த அம்மா பாத்ரூமுக்குள் கால்கூட வைக்கவில்லை. எட்டிப் பார்த்தாள், "உப்புத் தண்ணிங்களா?" என்றாள், செருப்பைத் தேடினாள்.

பங்குனி பிறந்துவிட்டது. மிச்சமிருந்தது அரை வேலைக்கான பணம்.

"பெயின்ட் அடிச்சுப்போடலாம். செவுத்து ஓட்டையாவது மறையட்டும்" என்றான் நவீன்குமார். குரலில் பழைய வேகம் இல்லை.

"ஓட்டையப் பாத்து யாரும் திரும்பிப் போகலீங்க. தண்ணியப் பாத்துத்தான் போறாங்க. நல்ல தண்ணிய அடுப்படிக்குள்ள கொண்டாந்தா என்னங்க?"

நல்ல தண்ணீர் என்பது பஞ்சாயத்துத் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்கு வாசல் குழாயில் வரும். குடம் குடமாகப் பிடித்து உள்ளே சுமக்க வேண்டும்.

"எவனாச்சும் கொழாயப் பாத்து ஊடு வாங்குவானா? மொட்டமாடி டேங்குக்கு அது ஏறவே ஏறாது. அத்தன வேகம் இல்ல" என்றான்.

எவ்வளவு உயரம் ஏறும் என்று அவனுக்கும் தெரியாது. தெரியாத ஒன்று இருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அடுத்த தண்ணீர் நாளில் ஐந்தரைக்கு வாசல் குழாயில் ஹோஸைச் செருகி, மறுமுனையைத் துணி காயப்போடுகிற கழியில் கட்டி, கழியை மேலே மேலே உயர்த்தினாள். நைட்டி தொப்பலாக நனைந்தது. ஓர் உயரத்தில் தண்ணீர் நின்றுபோயிற்று. டேப்பை எடுத்து அளந்தாள். ஏழரை அடி.

"ஏழரை ஏறுதுங்களா?" என்று பவுல்ராஜ் யோசித்தார். "அப்ப மாடி எதுக்கு? அடுப்படிக்கு வெளிய நாலரை அடியில மேடை கட்டி, மேல சின்ன டேங்க் ஒண்ணு வெச்சுட்டாப் போச்சு. உள்ள கொழாய் அதுக்குக் கீழதான இருக்குது, தானா எறங்கும்."

கட்டினார்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் இப்போது இரண்டு குழாய்: இடது பக்கம் பழைய எவர்சில்வர் குழாய், போர்வெல். வலது பக்கம் புதுசு, நல்ல தண்ணீர். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் குடம் சுமக்காத காலையில் செல்வப்பிரியா அடுப்படியில் சும்மா நின்றாள். விற்கப் போகிற வீட்டில்தானா இந்தப் புத்தி வர வேண்டும் என்று தன்மேலேயே கோபமாக வந்தது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் இல்லை.

டேங்க் வைத்த பிறகு ஒருவரும் வரவில்லை. விஷுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ராக்கப்பன் போன் செய்தார்.

"வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டுல வேல பாத்தவங்க. புருசனும் பொண்டாட்டியும் ரிட்டயர் ஆயிட்டாங்க, எஸ்டேட்டுல குடுத்த லயத்து ஊட்டக் காலி பண்ணோணும். மகள வேலந்தாவளத்துல கட்டிக் குடுத்திருக்காங்க, அதனால இந்தப் பக்கமே வேணுமாம். சாயங்காலம் கூட்டியாறேன். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மலையில ஓடைத் தண்ணி குடிச்சு வளந்தவங்க. உப்புத் தண்ணின்னா என்னன்னே தெரியாது. நீங்களா வாயக் குடுத்துராதீங்க."

நவீன்குமார் பாத்ரூம் சுவரை ஈரத்துணியால் துடைத்தான். ஈரமாக இருக்கும்வரை வெள்ளை தெரியாது என்று கண்டுபிடித்திருந்தான். செல்வப்பிரியா அவனைத் தடுக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஷட்டர், போர்டு எல்லாம் கண்ணில் வந்துபோயின. பக்கெட்டைக்கூடக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது யாரோ பார்த்துவிட்டது போல உடம்பு கூசியது.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மாரீஸ்வரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். அவர் மனைவி ஆனந்தி தோளில் ஒரு துணிப்பை. இவள் எதைப் பார்ப்பாள் என்று செல்வப்பிரியாவுக்கு ஒரே ஆவல். பாத்ரூமை ஆனந்தி பார்த்தாள்; "கறுப்பா சோக்கா இருக்கு" என்றாள். நவீன்குமார் ராக்கப்பனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கூரையையும் திசையையும் மாரீஸ்வரன் பார்த்துக்கொண்டார். ஆனந்தி அடுப்படிக்குள் வந்து, பையிலிருந்து ஒரு டீத்தூள் பொட்டலத்தை எடுத்தாள்.

"வெறுங்கையோட வரக் கூடாதுல்ல தங்கச்சி. எங்க பேக்டரித் தூளு. இங்கனயே ஒரு கட்டன் டீ போட்டுக் குடிச்சிருவோமா? பாலு வேண்டாம்."

கேட்டுக்கொண்டே பாத்திரத்தை எடுத்துக் குழாயடிக்குப் போனாள். கைக்கு வாகாக இருந்தது இடது பக்கக் குழாய். அதைத் திருகப் போனாள்.

செல்வப்பிரியாவுக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். 'இந்தப் பக்கம் புடிங்கக்கா' என்று வலது குழாயைக் காட்டிவிட்டால் கட்டன் பிரமாதமாக இருக்கும், வீடும் போய்விடும். வாசலில் நின்ற நவீன்குமார் கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினான். ஆனால் கொல்லையில் கவிழ்த்த பக்கெட் அவளை உறுத்தியது. இந்த அம்மா நாளைக்கு இதே இடத்தில் நின்று தலைமுடியைக் கையில் வைத்துக்கொண்டு தன்னைத் திட்டுவாள் என்று தோன்றியது.

"அக்கா, அது போர்வெல்லுங்க. உப்புத் தண்ணி. குளிக்கத் தொவைக்க அதுதான். இந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தண்ணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டே நாள்தான். இந்த டேங்க் ஒரு தடவ ரொம்புனா குடிக்கவும் சமைக்கவும் நாலு நாளுக்குத் தாங்கும். பாத்ரூம் செவுரு இப்ப ஈரமா இருக்குது, காஞ்சா வெள்ளையாயிரும்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

ராக்கப்பன் வாசலுக்கு நகர்ந்துபோய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஆனந்தி இரண்டு குழாயையும் பார்த்தாள். "அப்ப ரெண்டுலயும் போடுவோம்" என்று இன்னொரு பாத்திரத்தை எடுத்தாள்.

இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம், அளந்து வைத்தாற்போல ஒரே அளவு தூள். கண்ணாடி டம்ளர்களில் வடிகட்டி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். செல்வப்பிரியா முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். நல்ல தண்ணீர்க் கட்டன் செம்பு நிறத்தில் அடிவரை தெளிவாக இருந்தது. உப்புத் தண்ணீர்க் கட்டன் மங்கிக் கறுத்து, மேலே மெல்லிய ஆடை ஒன்று மிதந்தது. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரோடு இருந்தவள் இதைப் பார்த்ததே இல்லை. "அட!" என்றாள் தன்னை மறந்து.

"பேக்டரியில ருசி பாக்குற ரூம்புல இருபத்தாறு வருசம் தண்ணி கொதிக்க வச்சுக் குடுத்தவ நானு" என்றாள் ஆனந்தி. "தொரைமாரு வாயில ஊத்தி உறிஞ்சிட்டுத் துப்பிருவாக. தண்ணி கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடிச்சு என்னையத்தான் ஏசுவாக. இந்தப் பக்கம் ரெண்டு வீடு பாத்தாச்சு. தண்ணி எப்படின்னு கேட்டா ரெண்டு எடத்துலயும் தேன் மாதிரின்னாக. தூளப் போட்டேன், ஏடு மெதந்துச்சு. டம்ளர அங்கனயே வச்சிட்டு வந்துட்டோம்."

மலைக்காரர்களுக்கு உப்புத் தண்ணீர் தெரியாது என்று சொன்ன ராக்கப்பனின் முதுகை நவீன்குமார் வெறித்துப் பார்த்தான்.

ஆனால் ஆனந்தி வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. நல்ல தண்ணீர்க் கட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அங்கே சுவருக்கு முன்னால் நின்றவள் நின்றவள்தான். செல்வப்பிரியாவும் அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பெயின்ட் அடித்திருக்கலாமோ? நவீன்குமார் சொன்னதே சரிதானோ?

"இத்தன ஓட்டை இருக்கே" என்றாள் ஆனந்தி.

"ஆணி அடிச்சதுங்க. துணி மாட்ட. அப்பப்ப எடத்த மாத்தி மாத்தி அடிச்சுப்போட்டேன். பட்டி வெச்சா மறைஞ்சிருமுங்க" என்று திக்கினாள் செல்வப்பிரியா.

"இத்தன அடிச்சிருக்கியே, யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"யாருங்க கேக்கறது? நம்ம ஊடுதானுங்க."

ஆனந்தி ஓர் ஓட்டையில் விரலை வைத்தாள். "நான் பொறந்தது லயத்துல, வாக்கப்பட்டது லயத்துல. ஒரு போட்டோ மாட்ட ஆணி அடிக்கணும்னாலும் ஆபீஸ்ல கேக்கணும். கேக்கப் போனா, எதுக்கு, அலமாரி மேல வையேன்னுவாக. எங்க கல்யாணப் போட்டோ முப்பத்தஞ்சு வருசமா அலமாரி மேலதான் சாத்தி வச்சிருக்கு." மாரீஸ்வரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு கேட்டாள். "தங்கச்சி, ஒரு ஆணி அடிச்சுப் பாக்கட்டா?"

முடிவாகாத வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா? நவீன்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் செல்வப்பிரியா மிஷின் பெட்டியிலிருந்து சுத்தியலையும் இரண்டங்குல ஆணியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

பழக்கமில்லாத கை. முதல் அடி விரலில் பட்டது. இரண்டாவது அடியில் காரை உதிர்ந்தது. நாலாவது ஐந்தாவதில் ஆணி கொஞ்சம் கோணலாக, ஆனால் உறுதியாக இறங்கி நின்றது. ஆனந்தி அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றி அதில் மாட்டினாள். இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"போவோமா?" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

செல்வப்பிரியா பின்னாலேயே ஓடினாள். "அக்கா, பைய மறந்துட்டீங்க!"

"மறக்கல தாயி" என்றாள் ஆனந்தி, செருப்பை மாட்டிக்கொண்டே. "அங்கனயே தொங்கட்டும். நாளைக்குக் காலையில மகளக் கூட்டிக்கிட்டு அட்வான்ஸோட வருவோம்ல. அந்தச் செவத்துக்கு மட்டும் பெயின்ட் கியின்ட் அடிச்சிராதீக."

ஆட்டோ திரும்பிப் போனபிறகும் நவீன்குமார் ஹாலில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்ததுபோல அது தொங்கிக்கொண்டிருந்தது. செல்வப்பிரியாவுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சரஸ்வதியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஊடு போயிருச்சுங்க. அந்த ஷட்டர் ரூம யாருக்கும் குடுத்துராதீங்க" என்றவள், குணம் போகாமல் இன்னொன்றும் கேட்டாள். "அந்த ரூம்புச் செவுரு ஆணி தாங்குமுங்களா?"